அக்னி மூலையில் ஒரு சார்ஜர்

நெருப்புக்கு ஒரு மூலை உண்டு என்று நம்புகிறவர்களிடம் நெருப்பைப் பற்றிப் பேசிப் பிழைக்கிறவன் நான். பேட்டரி வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் இடங்களை மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து, அங்கே தீப்பிடிக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. ஓமலூரில் ஒன்று, சேலத்துக்குள் இரண்டு, நாமக்கல் போகும் நெடுஞ்சாலையில் மூன்று என்று ஆறு இடங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. இதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் வயரிங் செய்தேன். அங்கே ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் ஏன் போகிறது என்று யாரும் பார்க்க மாட்டோம். ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி வண்டியை அனுப்பிவிடுவோம். அதற்கு ‘டைரக்ட் அடிப்பது’ என்று பெயர். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்று புதிதாகப் பழகுகிறவர்களிடம் சொல்வதுண்டு. பொய். முட்டி தேய்ந்துபோய் லாரிக்கு அடியில் ஊர்ந்து போக முடியவில்லை, அதனால் வந்தேன்.

இந்த வேலையில் நான் கண்ட மனிதர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வருவதில்லை. சார்ஜர் முனையைத் தரையில் போட்டு அதன் மேலேயே காரை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒயர் சுடுகிறது என்று அதன் மேல் ஈரத்துணியைச் சுற்றி வைத்த மகானைப் பார்த்திருக்கிறேன். ஓமலூரில் ஒரு புண்ணியவான், வண்டி வெயிலில் காய்கிறது என்று சார்ஜருக்கு மேலே தென்னங்கீற்றில் பந்தல் போட்டுக் கொடுத்திருந்தார். பிரியுங்கள் என்றேன். “நெழலுக்குப் போட்டதுங்க. எரியறதுக்கா போட்டோம்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் படிப்பை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடும் ஒருவர் ராசிபுரம் பிரிவு ரோட்டுக்கு முன்னால் இருந்தார்.

அவர் நெடுஞ்சாலையோரம் ஒரு சைவ ஹோட்டலின் முதலாளி. முன்பு ரிக் வண்டி வைத்து வடமாநிலங்களில் போர்வெல் போட்டவர். பூமிக்குள் ஆயிரம் அடி துளைத்தவருக்குத் தரைக்கு மேல் இருப்பது எதுவும் தெரியவில்லை. ஹோட்டல் கட்டும்போது என்ஜினியர் வைத்தாரோ இல்லையோ, வாஸ்துக்காரர் வைத்திருந்தார். முதல் தடவை நான் போனபோது அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இடத்தின் தென்கிழக்கு மூலையில் டிரான்ஸ்பார்மர். அதை ஒட்டி ஜெனரேட்டர், அதன் காலடியில் டீசல் கேன்கள். அதற்கு அடுத்தாற்போல் சமையலறை, சமையலறைக்கு வெளியே கம்பிக் கூண்டில் கேஸ் சிலிண்டர்கள். இத்தனைக்கும் நடுவில், புது மாப்பிள்ளை மாதிரி மாலையோடு, எங்கள் சார்ஜர்.

“ஏனுங்க, இத்தனையும் ஒரே எடத்துலயா வெச்சீங்க?” என்றேன்.

“அக்னி மூலைங்க,” என்றார். நான் இதைக் கூடத் தெரியாதவனா என்று அவர் முகம் கேட்டது. “நெருப்பு சம்பந்தப்பட்டது அல்லாம் அங்கதானுங்க இருக்கோணும். வேற எடத்துல வெச்சாத்தானுங்க ஆவாது.”

எரியக்கூடிய ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இடம் விடவேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அவரோ கல்யாணத்துக்குப் பங்காளிகளை அழைப்பது மாதிரி, எரியக்கூடிய எல்லாவற்றையும் வெற்றிலை பாக்கு வைத்து ஒரே மூலைக்கு வரவழைத்திருந்தார். இரண்டு ஏக்கர் இடம். வடமேற்கில் நூறு கார் நிற்கும் அளவுக்குச் சும்மா கிடந்தது. அங்கே சார்ஜரை வைத்தால் வாயு மூலையில் அக்னி வந்து குடும்பத்தில் சண்டை வருமாம். அவர் குடும்பத்தில் ஏற்கெனவே அண்ணன் தம்பிக்குள் கோர்ட்டில் வழக்கு நடப்பதை நான் நாமக்கல்லிலேயே கேள்விப்பட்டிருந்தேன்.

அந்த மூலையில் இன்னொன்றும் இருந்தது. சமையலறைச் சுவரோடு ஒட்டி, தகரக்கூரை போட்ட ஒரு சின்ன அறை. அதற்கு ஒரே வாசல். அந்த வாசல் சார்ஜ் ஏற்றும் இடத்தைப் பார்த்துத் திறந்தது. சரக்கு ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் சார்ஜ் போடும் பிளக் அந்த வாசலிலிருந்து நாலு அடியில். அறைக்குள் பழைய முட்டை அட்டைகள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. முதலாளியின் மைத்துனருக்குக் கோழிப்பண்ணை. மீதி இடத்தில் ஒரு பாய் விரித்திருந்தது. பாத்திரம் கழுவும் இரண்டு பெண்கள் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் மூன்று மணியிலிருந்து நாலரை வரை அங்கே படுப்பார்கள். மூத்தவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். பக்கத்து ஊர்க்காரர், விவசாயக் காட்டு வேலை குறைந்துபோய் இங்கே வந்தவர். இன்னொருவர் அவரைவிட இளையவர், காது மந்தம்.

“விடியக்கால அஞ்சு மணிக்கு வந்தமுங்க. இங்க செத்த சாஞ்சாத்தான் சாமி, பொழுதோட வரைக்கும் நிக்க முடியுது,” என்றார் மூத்தவர்.

நான் அறையின் உள்ளே போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது. தெற்குச் சுவரில் ஒரு கதவின் அளவுக்குச் செங்கல் வேறு நிறமாகத் தெரிந்தது. அங்கே முதலில் கதவு இருந்ததாம். அந்த இடத்தில் தெற்கு வாசல் ஆகாது என்று வாஸ்துக்காரர் சொல்லி அடைத்துவிட்டார்கள். ஆக, வாசலில் நிற்கும் ஒரு வண்டி பற்றிக்கொண்டால் உள்ளே இருப்பவர்கள் வெளியே வர வழி கிடையாது. பாயருகே அந்த மூத்த அக்காவைப் பார்த்தேன். அவர் எனக்காக எழுந்து நின்றுகொண்டிருந்தார், தூங்க வேண்டிய நேரத்தில்.

முதலாளியிடம் சொன்னேன். பேட்டரி எரிவது மண்ணெண்ணெய் எரிவது மாதிரி இல்லை, ஒரு செல் சூடானால் பக்கத்து செல்லைச் சூடாக்கும், அது அடுத்ததை, புகை வந்து தீ வர ஒரு நிமிஷம் கூட ஆகாது, ஆளுக்கு ஓட நேரம் இருக்காது என்று விரல் விட்டு விளக்கினேன். அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள், அல்லது அவர்களுக்கு வேறு பக்கம் ஓர் இடம் கொடுங்கள், முட்டை அட்டையை எடுங்கள் என்றேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

“உங்க மிசினு பத்துமுங்களா, வண்டி பத்துமுங்களா?”

“பெரும்பாலும் வண்டிதானுங்க.”

“அப்ப எனக்கென்னங்க?” என்றார்.

எழுதிக் கொடுப்போம் என்று படிவத்தை எடுத்தேன். கம்பெனி கொடுத்த படிவத்தில், சார்ஜருக்கு அருகே ஆட்கள் தங்கும் இடம் உள்ளதா என்று ஒரு கேள்வி உண்டு. ‘உள்ளது, உடனே மாற்ற வேண்டும்’ என்று எழுதி அனுப்பினேன். மறுநாளே கம்பெனியின் ஏரியா மேனேஜர் போன் செய்தார். என் மகன் வயது. சார்ஜரைக் கையால் தொட்டதே இல்லாதவர். தீ பற்றி எங்களுக்கு வகுப்பெடுத்ததும் இவர்தான். வெள்ளைக்காரர்கள் விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி உடை போட்டுக்கொண்டு ஒரு காரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கும் வீடியோவைக் காட்டி, “இப்படித்தான் பண்ணணும்” என்றார். தொட்டிக்கு எங்கே போவது என்று நான் கேட்டதற்கு, “நல்ல கேள்வி” என்று சொல்லி அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்.

“சார், நீங்க ‘உள்ளது’ன்னு போட்டா சிஸ்டம் சிவப்பு காட்டும். சைட்டை நிறுத்தி வைக்கணும். அது ஸ்டோர் ரூம்தானே?” என்றார்.

“ரெண்டு பேர் படுக்கிறாங்க சார்.”

“ராத்திரியா?”

“இல்ல, மதியம்.”

“அப்ப அது தங்கறது இல்ல சார். ரெஸ்ட். மாத்தி அனுப்புங்க.”

மாற்றி அனுப்பினேன். ‘இல்லை, ஸ்டோர் ரூம்’ என்று என் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அடுத்தடுத்த மாதங்களும் அப்படியே. முதல் தடவை எழுத அரை மணி நேரம் ஆனது. இரண்டாம் தடவை டீ குடித்துக்கொண்டே எழுதினேன். மேனேஜரை மட்டமாக நினைப்பதில் எனக்கு இருந்த சுகத்தில், எழுதியது நான்தான் என்பது மறந்துபோனது. நானும் எந்த லட்சணத்தில் இருந்தேன்? கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, பழைய பேப்பர் கட்டுக்குப் பக்கத்தில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் என் ஸ்கூட்டர் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. என் மனைவி அதைத் தினமும் தாண்டிப் போவாள். “மொதல்ல இதுக்கு ஒரு ஃபாரம் எழுதுங்க” என்பாள். எழுதவில்லை.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அந்த ஹோட்டலுக்குப் போனபோது தீயணைப்பான் சிலிண்டருக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். அதை இழுத்துத் திறக்கும் ஊசியில் மஞ்சள் கயிற்றை ஏழெட்டுச் சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். கேட்டால், காப்புக் கட்டியதாம். சார்ஜரின் அவசர நிறுத்தப் பொத்தான் சிவப்பாக, பெரிதாக இருக்கும். அதைக் காணவில்லை. சாப்பிட வருகிறவர்களின் குழந்தைகள் அதை அமுக்கிவிடுகின்றன என்று கேஷியர் அதற்கு மேலே ஒரு சாமி படத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார். “இப்ப யாரும் கைவெக்க மாட்டாங்க பாருங்க” என்றார் பெருமையாக. உண்மைதான். ஊரே எரிந்தாலும் யாரும் கைவைக்க மாட்டார்கள்.

அன்று மூன்று மணிக்கு அந்த இரண்டு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போவதைப் பார்த்தேன். வாசலை மறித்து ஒரு சரக்கு ஆட்டோ சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. உடம்பைக் குறுக்கி, பக்கவாட்டில் நுழைந்தார்கள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. இந்த முதலாளி யார் சொன்னால் கேட்பார் என்று யோசித்தேன். ஒரே ஆள்தான் இருந்தார்.

வாஸ்துக்காரர் ஓமலூரில் ஒரு விதைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தார். ஒரு காலத்தில் லாரி புக்கிங் புரோக்கர். லோடு கிடைக்காத லாரிகளுக்கு ராசி பார்த்துச் சொல்லப் போய், அதுவே தொழிலாகிவிட்டதாம். பட்டும் விபூதியுமாக ஒரு ஏமாற்றுக்காரரை எதிர்பார்த்துப் போனேன். பனியனோடு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டார். என் மேனேஜருக்கு ஐந்து மாதத்தில் புரியாதது அது.

“தப்புத்தானுங்க. பொம்பளைக படுக்கற எடம்னு எனக்குச் சொல்லலீங்க. தொறக்கச் சொல்லீர்லாம்,” என்றார். பிறகு ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, “ஆனா நான் அடைக்கச் சொன்னத நானே தொறக்கச் சொன்னா என் பொளப்பு என்னாவறது? நீங்க ஒண்ணு செய்யோணும். நான் சொல்றப்போ பக்கத்துல நின்னு, ஆமாங்க, எங்க சயின்ஸுலயும் இதேதான்னு சொல்லோணும்.”

இதைவிடக் கேவலம் எனக்கு நடந்ததில்லை. பாலிடெக்னிக்கில் படித்தவன், அரசாங்க லைசென்ஸ் வைத்திருப்பவன், அந்த வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஒரு வாஸ்துக்காரருக்குச் சாட்சியாக அந்த ஹோட்டலில் போய் நின்றேன். அவர் போனில் திசைகாட்டியைத் திறந்து, டேப் பிடித்து அளந்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். “ஜீவனம் பண்ற பொம்பளைகளுக்கு மூச்சு முட்டுதுங்க இங்க. தெக்கால ஒரு வாசல் ஒடனே தொறக்கோணும். இல்லீன்னா யாவாரத்துக்கு அடி” என்றார். முதலாளி என்னைப் பார்த்தார்.

“எங்க விஞ்ஞானமும் இதையேதானுங்க சொல்லுது,” என்றேன்.

“பாத்தீங்களா, பெரியவங்க அன்னைக்கே எழுதி வெச்சுட்டாங்க,” என்று முதலாளி பூரித்துப்போனார். வந்திருந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுக்கச் சொன்னார். என் பங்கைத் தொடாமல் மேஜையில் வைத்துவிட்டேன். ஆனால் நாலாவது நாள் செங்கல்லை இடித்துக் கதவு போட்டுவிட்டார்கள். அடுத்த தடவை போனபோது அந்த அக்கா கதவைத் திறந்து காட்டினார். வெளியே மரவள்ளிக் காடு. “காத்து சிலுசிலுன்னு வருதுங்க சாமி. நீங்க சொல்லித்தான் தொறந்தாங்கன்னு மாஸ்டர் சொன்னாரு” என்றார். சமையல் மாஸ்டருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. அறைக்குள் முட்டை அட்டைகள் அப்படியே இருந்ததையும், படிவத்தில் ‘இல்லை’ என்று மறுபடி எழுதியதையும் அந்தக் கர்வம் மறைத்துவிட்டது.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் மூன்றேகாலுக்கு நான் அங்கே சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கடுகு தாளிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. சமையலறையில்தான் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், பிளக்கில் மாட்டியிருந்த ஒரு சரக்கு ஆட்டோவின் அடியிலிருந்து வெள்ளைப் புகை. முட்டை ஏற்றிப் போகிற வண்டி அது. போன மழையில் பேட்டரிக்குள் தண்ணீர் போய், அதைக் கட்டுப்படுத்தும் போர்டு அடிக்கடி கரண்டைக் கட் செய்துகொண்டிருந்ததாம். ஊர் மெக்கானிக் அந்தப் போர்டைக் கழற்றிவிட்டு டைரக்ட் அடித்துக் கொடுத்திருக்கிறான். ஓட்டுநர் இதைப் பிற்பாடு என்னிடம் சொன்னபோது அவன் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. “நல்ல வேலைக்காரனுங்க” என்றார். நானும் அப்படி ஒரு நல்ல வேலைக்காரனாகத்தான் பதினெட்டு வருஷம் இருந்தேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு வெளியே வந்தார்கள். வந்தவர்கள் இன்னொரு கையால் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். நான் சார்ஜரிடம் ஓடினேன். பொத்தானுக்கு மேலே சாமி. ஸ்க்ரூவைக் கழற்ற நேரமில்லை, படத்தைப் பிடித்து இழுத்தேன். கண்ணாடி உடைந்து உள்ளங்கையைக் கிழித்தது. “ஏனுங்க, சாமி படத்த ஒடைக்கறாருங்க!” என்று கேஷியர் அலறினார். இரண்டு பேர் பாய்ந்து என் தோளைப் பிடித்தார்கள். பத்தடியில் வண்டி எரியத் தொடங்குகிறது, அவர்கள் என்னைப் பிடிக்கிறார்கள். எப்படியோ அமுக்கினேன். கரண்ட் நின்றது. ஆனால் பேட்டரிக்கு இனி யாருடைய கரண்டும் தேவையில்லை.

தீயணைப்பானின் ஊசியை ஒருவர் இழுத்துப் பார்த்தார், காப்புக் கயிறு விடவில்லை. இன்னொருவர் ஈரச் சாக்கைக் கொண்டுவந்து போட்டார். அது புகைந்து சுருண்டது. அடுத்த பக்கத்தில் முதலாளியின் புதுக் கார் நின்றுகொண்டிருந்தது. “வண்டியத் தள்ளுங்கடா!” என்று அவர் கத்தினார். லாரிக்காரர்களின் புத்தி அது. பட்டறையில் ஒன்று பற்றினால் மற்றவற்றைக் காப்பாற்ற அதைத் தள்ளிவிடுவோம். “தள்ளாதீங்க, உள்ள ஆள் இருக்காங்க, ஆள் இருக்காங்க” என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். நாலு பேர் மூங்கிலைக் கொடுத்துப் பின்னாலிருந்து நெம்பினார்கள். வண்டி கழுவுகிற தண்ணீர் சாக்கடைக்குப் போவதற்காக அங்கே தரை சமையலறைப் பக்கம் சரிவாக இருக்கும். ஆட்டோ தானாகவே உருண்டு போய், அந்த அறையின் வாசலில் முட்டி நின்றது. ஒரு நிமிஷத்துக்குள் தீ தகரக்கூரையைத் தொட்டது. காரைக் காப்பாற்றியாகிவிட்டது.

அதன் பிறகு எல்லோரும் ஓடினார்கள், என்னைப் பிடித்திருந்தவர்களும்தான். சமையல் மாஸ்டர் ஒருவர் மட்டும் கேஸ் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டு ஓடினார். நான் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போனேன். கதவு திறந்திருந்தது. அந்த அக்கா புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டே வெளியே வந்தார். வந்தவர் திரும்பிப் பார்த்தார். காது மந்தமான அந்தப் பெண் வரவில்லை. அக்கா முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு மறுபடி உள்ளே போனார். நான் கதவிலிருந்து மூன்றடியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போகவில்லை. முட்டி வலியால் அல்ல. தீயைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் காலைக் கட்டிப்போட்டது.

அவர் அந்தப் பெண்ணைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். கூரையிலிருந்து உருகிச் சொட்டிய ஏதோ ஒன்று விழுந்து அவருடைய இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிந்திருந்தது. இருவரும் மரவள்ளிச் செடிகளுக்கு நடுவில் போய் விழுந்தார்கள். உள்ளே முட்டை அட்டைகள் பற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. தீயணைப்பு வீரர்கள் வந்து இரண்டு மணி நேரம் தண்ணீர் அடித்தார்கள். அணையும், மறுபடி பற்றும். மறுநாள் காலை காட்டோரம் இழுத்துப்போட்ட ஆட்டோவின் எலும்புக்கூடு திரும்பவும் புகைந்தது. முதலாளி அதற்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்.

இதிலிருந்து அவர் என்ன கற்றுக்கொண்டார் என்று கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். “பத்து வருசமா ஒண்ணும் ஆவலீங்க. தெக்குக் கதவத் தொறந்தம், நாலு மாசத்துல பத்திருச்சு” என்றார். ஓமலூருக்குப் போன் போட்டுக் கேட்டாராம். வாஸ்துக்காரர் காலம் தப்பித் திறந்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். புத்திசாலி, அவர் பிழைத்துக்கொள்வார். பத்தாவது நாள் அதே மூலையில், அதே அளவில், அறைக்குக் கடைக்கால் தோண்டிவிட்டார்கள். கொத்தனார் நிறுத்தியிருந்தது ஒரே ஒரு வாசல் நிலை. அது எரிந்த சார்ஜருக்குப் பதில் புதிது வைக்கப்போகிற பக்கம் பார்த்திருந்தது.

அன்றுதான் கம்பெனி விசாரணை. ஏரியா மேனேஜரும் அவருக்கு மேலே ஒருவரும் வந்திருந்தார்கள். நான் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே அந்த அக்கா காத்திருந்தார். கையில் கட்டு, அது அழுக்காகியிருந்தது. கட்டோடு வேலைக்கு வந்துவிட்டார்.

“சாமி, நாங்க ரெண்டு பேரும் உள்ள படுத்திருந்தம்னு எழுதோணுமுங்க. அப்பிடி எழுதுனா அந்த எடத்துல ரூம்பு கட்ட விடமாட்டாங்களாமா. வேற பக்கம் குடுத்துத்தான் ஆவோணுமாமா. மாஸ்டர் சொன்னாரு,” என்றார்.

“எழுதறேனுங்க அக்கா,” என்றேன். எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஹோட்டலின் ஏசி அறையில் மேஜை மேல் தட்டச்சு செய்த ஒரு காகிதம் தயாராக இருந்தது. தீப்பிடித்த நேரத்தில் ஸ்டோர் ரூமில் யாரும் இல்லை, பணியாளர் ஒருவரின் காயம் தீயைப் பார்த்து ஓடும்போது ஏற்பட்டது என்று இருந்தது. கீழே என் பெயருக்கு நேராக இடம் விட்டிருந்தார்கள். பக்கத்தில் நான் மாதாமாதம் எழுதிய படிவங்கள் வரிசையாக.

“ரெண்டு பேர் இருந்தாங்க சார். நான் கண்ணால பார்த்தேன்,” என்றேன்.

“இருந்தாங்கன்னே வச்சுக்குவோம்,” என்றார் மேனேஜர். குரலில் கோபமே இல்லை. “மாசாமாசம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டது யாரு சார்? இப்ப இருந்தாங்கன்னா யார் லைசென்ஸ் போகும்?”

நீங்கள்தான் எழுதச் சொன்னீர்கள் என்று சொல்லியிருக்கலாம். போனில் சொன்னதுக்கு என்ன சாட்சி? அப்போது கதவு திறந்தது. அந்த அக்கா டீ கொண்டு வந்தார். கட்டுப்போட்ட கையைத் தட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்து, நல்ல கையால் ஒவ்வொரு டம்ளராக எடுத்து வைத்தார். உள்ளே யாருமே இல்லை என்று எழுதியிருந்த காகிதத்துக்கு ஒரு சாண் தள்ளி வைத்தார். மேலதிகாரி “தேங்க்ஸ்மா” என்றார். அவருக்கு அந்தக் கை கண்ணில் படவே இல்லை. அக்கா என்னைப் பார்த்துவிட்டு வெளியே போனார். இவ்வளவு நேரம் ஒவ்வொருவராகக் காறித் துப்பிக்கொண்டு வந்தேனே, அதில் மிச்சம் இருந்தது எனக்குத்தான். நான் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டேன்.

வெளியே கை கழுவும் குழாய் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

“எழுதீட்டீங்களா சாமி?”

“எழுதிட்டேனுங்க அக்கா,” என்றேன்.

“நல்லா இருப்பீங்க சாமி. உங்க புள்ளைகுட்டி நல்லா இருக்கும்,” என்றார். கும்பிடுவதற்காகக் கட்டுப்போட்ட கையையும் தூக்கினார், வலித்திருக்க வேண்டும், பாதியில் இறக்கிவிட்டார். மணி மூன்றாகியிருந்தது. கொத்தனார் வேலை செய்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போய், ஜெனரேட்டருக்கும் கேஸ் கூண்டுக்கும் நடுவில் இருந்த நிழலில் ஒரு சாக்கை விரித்துப் படுத்தார்.